நாலாம் மாடிக்கு ஓர் எண்ணெய்

எனக்கும் தம்பிக்கும் ஒரே நோய். தசையில் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்க எங்கள் உடம்புக்குத் தெரியாது. படி ஏறினால் தொடை கல்லாக இறுகும். மீறி ஏறினால் சிறுநீர் கறுத்துப் போகும். நோய்க்குப் பெயர் தெரியும்வரை எல்லாரும் எங்களைச் சோம்பேறிகள் என்றார்கள். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் பிரிவை நாலாம் மாடிக்கு மாற்றுகிறார்கள். லிஃப்ட் உண்டு, புத்தகங்களுக்கு மட்டும். ஏற முடியாதென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் மருத்துவமனையில் ஓர் எண்ணெய்ச் சோதனைக்கு எங்களைச் சேர்த்தார்கள். தசைக்கு வேறு வழியில் சக்தி கொடுக்கிற எண்ணெயாம். ஆளுக்கொரு எண் ஒட்டிய பாட்டில். சாப்பாட்டில் கலந்து தினம் நாலு வேளை. சிலருக்கு அசல், சிலருக்குச் சாதாரண எண்ணெய். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

இரண்டாம் வாரமே தம்பி வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறினான். நான் பாதியில் உட்கார்ந்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவனுக்கு அசல், எனக்குத் தாளிக்கிற எண்ணெயா?

அவன் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு பாட்டில் எண்ணெயையும் மாற்றி ஊற்றினேன். கூடப் பிறந்தவனிடமே திருடுகிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் ஊற்றினேன். பத்தே நாளில் நூலகத்தின் நாலு மாடியையும், மெதுவாகத்தான், ஏறிவிட்டேன். மேலாளரிடம் முடியும் என்று சொல்லியும் விட்டேன்.

மறுநாள் தம்பி வீட்டுப் படியில் சுருண்டு விழுந்தான். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனது. அவன் கையில் சலைன் ஏறும்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. போன் போட்டு இரண்டு எண்களின் ரகசியத்தையும் பிரிக்கச் சொன்னார். இரண்டு பேருக்குமே சாதாரண எண்ணெய்தான் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் நான் திருடியது எதை? நாலு மாடி ஏறியது எப்படி? மெதுவாகத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் உடம்பு ரத்தத்திலிருந்து வேறு சக்தியை எடுத்துக்கொள்ளும், அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அவருக்கும் தெரியவில்லை.

தம்பியிடம் மாற்றி ஊற்றியதைச் சொன்னேன். அவன் கோபப்படாததுதான் என்னைக் கொன்றது.

"எனக்கு ஒரு நாளும் சரியாகலக்கா. வலியோடதான் ஏறினேன்."

"ஏன்டா அப்படிப் பண்ணின?"

"எனக்கு மருந்து கேக்குதுன்னு தெரிஞ்சாதான் நீ எண்ணெய விடமாட்ட."

இன்று எனக்கு நாலாம் மாடியில் முதல் நாள். எண்ணெய் இல்லை, அசல் எண்ணெய் முன்பும் இருந்ததில்லை. ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தம்பி போன் செய்தான்.

"ஏறிட்டியாக்கா?"

ஏறிட்டேன் என்றேன். அப்போது முதல் மாடித் திருப்பத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.