ஆதிப் பயன்பாடு

நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவில் அவளுக்கு ‘டேப்பு’ என்று பெயர். வைத்த புண்ணியவான் டைப்பிஸ்ட். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வருவாளே தவிர, அளவெடுக்கும் டேப்பை மறந்து அவள் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு பழைய கதவைப் பார்த்தால் மற்றவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். இவள் ஏழடி இரண்டங்குலம் என்பாள். வேலையில் அப்படியொரு பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் அவள் அக்கா குடும்பத்தின் தலையில் விடிந்தது.

அக்காவும் மாமாவும் கடைத்தெரு முனையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே மாமாவின் மாவு மில், மேலே வீடு. முப்பத்தோரு வருஷம். கட்டடத்தின் சொந்தக்காரர் வெளியூர்வாசி. அவர் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார் என்று வருஷத்துக்கு ஒருமுறை பேச்சுக் கிளம்பும், தானாக அடங்கும். போன வருஷம் அந்தப் பேச்சுக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. யாரோ நாலு பேர் வந்து கொல்லைப்பக்கம் குழி தோண்டி, மண்ணை டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா தினமும் போய் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

நல்லவேளையாக, அப்படித்தான் அப்போது நினைத்தார்கள், அந்த நேரம் பார்த்து நகராட்சி பழங்கட்டடங்களைப் பட்டியல் எடுக்கக் கிளம்பியது. பட்டியலில் ஏறிய கட்டடத்தை இடிக்க முடியாது. கடைத்தெரு முழுக்க டேப்புவின் பொறுப்பு.

“ஏத்திட்டா ஒரு செங்கல்லைக்கூட எவனும் அசைக்க முடியாதுக்கா.”

“நெஜமாவாடி?”

“எழுதப்போறதே நான்தானே!”

மாமா மில்லை நிறுத்திவிட்டு வந்து, “உங்க வீட்ல இவளாவது உருப்படியா ஒரு வேலைக்குப் போனாளே,” என்று பெண்டாட்டியைச் சீண்டினார். மீசையெல்லாம் மாவு. பதிலுக்கு அக்கா அவர் தோளில் தட்டியதில் ஒரு சின்ன மாவுப்புயலே கிளம்பியது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: ‘ஆதிப் பயன்பாடு’. கட்டடம் முதன்முதலில் எதற்காகக் கட்டப்பட்டது என்று எழுத வேண்டும். மற்ற தெருக்களை எடுத்தவர்கள் இந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஊரில் பட்டியலான நாற்பத்திரண்டு கட்டடங்களில் நாற்பத்தொன்றுக்கு அதுதான் பதில். டேப்புவின் தெருவிலேயே மற்ற ஆறு கட்டடங்களுக்கும் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அக்கா வீட்டுக்கு அப்படி எழுத அவளுக்குக் கை வரவில்லை. வெறும் பழைய கட்டடம் என்று போனால் மேலதிகாரி யாராவது பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், வலுவாக ஏதாவது வேண்டும் என்று நினைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆவண அறையில் இரண்டு வாரம் தேடினாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்த அன்றைக்கு, கரையான் அரித்த ஒரு சுருளுக்குள் அந்த வரைபடம் கிடைத்தது. மாடியில் வரிசையாக எட்டு அறைகள். கீழே வண்டி நுழைகிற அளவுக்கு அகலமான வாசல். ஓரத்தில் மங்கிய எழுத்தில்: ‘பயணிகள் விடுதி’.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினாள். நிலைக்கதவு ஒவ்வொன்றிலும், நெற்றிக்கு நேராக, பெயின்டுக்கு அடியில் இரண்டு ஆணித்துளைகள் இருந்தன. அறை எண் தகடு மாட்டிய துளைகள். அக்காவின் சமையலறை ஐந்தாம் எண். பிள்ளைகள் படுத்து வளர்ந்தது ஏழாம் எண். அத்தனையையும் அளந்து, படம் எடுத்து, வரைபடத்தின் நகலோடு சேர்த்துக் கோப்பில் தைத்தாள். ஒன்பதாவது கட்டத்தில் கொட்டை எழுத்தில் ‘பயணிகள் விடுதி’ என்று எழுதியபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பொய்யில்லை, அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வேலையில் அதுவரை கிடைத்ததில்லை.

பட்டியல் நிறைவேறியது. குழி தோண்டியவர்கள் அதற்குப் பிறகு வரவேயில்லை. நகராட்சி ஆள் வந்து மில் கதவில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்; அடியில் டேப்புவின் கையெழுத்து. மாமா அதைக் கிழியாமல் பிரித்தெடுத்து, லேமினேட் பண்ணி, தராசுக்கு மேலே மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “நம்ம சின்னவ போட்ட கையெழுத்து” என்று காட்டினார். ‘ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்’ என்ற கடைசி வரி அவர் கண்ணிலும் பட்டிருக்கும். இதற்கு எந்தக் கிறுக்கன் ஆட்சேபணை சொல்வான் என்று விட்டிருப்பார்.

நாலு மாதம் கழித்து மேம்பாட்டுக் கொள்கை வந்தது. கூட்டத்தில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் ‘பழமையே நம் வளம்’ என்ற தலைப்பும், அதற்குக் கீழே அக்கா வீட்டின் படமும். டேப்பு பக்கத்திலிருந்த டைப்பிஸ்டை இடித்து, “எங்க அக்கா வீடு,” என்றாள். மாடிக்கொடியில் காய்ந்த துணிகளைப் படத்தில் அழித்திருந்தார்கள்.

திட்ட அதிகாரி நல்ல மனிதர். குரல் உயர்த்தத் தெரியாதவர். பழைய தெருக்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள், வந்தால் தங்குவார்கள், செலவு செய்வார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அதில் ஒன்றும் தப்பில்லை. தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டேப்பு பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். ‘ஆதிப் பயன்பாடு அறியப்பட்ட கட்டடங்கள் அப்பயன்பாட்டுக்கே மீட்கப்படும். அறியப்படாதவற்றில் தற்போதைய பயன்பாடு தொடரும்.’

சைக்கிள் கடை தொடரும். டியூஷன் சென்டர் தொடரும். கதவில்லாமல் கிடக்கும் பழைய இரும்புக்கடைகூடத் தொடரும். நாற்பத்தொரு கட்டடங்களை ‘தெரியவில்லை’ காப்பாற்றிவிட்டது. அக்கா வீட்டை மட்டும் இவள் தேடித்தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“சார், அந்த முனைக் கட்டடத்துல ஒன்பதாவது கட்டத்தைத் திருத்தணும். தெரியலைன்னு போட்டுக்கலாம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தெரிஞ்சதை எப்படிம்மா தெரியலைன்னு போடறது?”

“அது... எனக்கு அவ்வளவு நிச்சயமா இல்ல சார்.”

“நீங்களா இப்படிச் சொல்றீங்க? வரைபடம் இருக்கு, ஆணித்துளைக்குக்கூட அளவு போட்டிருக்கீங்க. இந்தப் பட்டியல்ல ஆதாரத்தோட இருக்கறதே உங்க ஒரு பதிவுதாம்மா. அதை வச்சுத்தான் மேல அனுமதியே வாங்கினோம்.”

“அங்க எங்க அக்கா இருக்காங்க சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா இந்தத் தெருவையே உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டேன்,” என்றார். “இப்ப நீங்களே மாத்தினா என்ன ஆகும்னு யோசிங்க. உங்க வேலையும் போகும், அவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது. ஆட்சேபணை நாளும் முடிஞ்சுபோச்சு. புறநகர்ல ஒரு ஷெட்டு தரச் சொல்லி எழுதறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதாம்மா.”

சொன்னபடி எழுதவும் செய்தார். ஷெட்டு கிடைத்தது. சுற்றி ஒரு வீடு கிடையாது. மாவு அரைக்க டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் வருவார்கள்?

அக்காவிடம் சொல்ல அவள் மூன்று முறை போனாள். இரண்டு முறை சொல்லாமல் திரும்பினாள். மூன்றாவது முறை மில் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஆறேழு பேர். சத்தத்தில் அக்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை.

“என்னடி? சத்தமாச் சொல்லு!”

“கட்டடத்தைக் காலி பண்ணணும்க்கா!” என்று இவள் கத்தவும், மாமா மில்லை நிறுத்தவும் சரியாக இருந்தது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாமா மெதுவாகக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். “ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாதுன்னு சொன்னியேம்மா?”

“கட்டடத்தைத்தான் மாமா சொன்னேன்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே உறைத்தது. மாமா கோபப்படவில்லை. தராசுத் தட்டில் அடுத்தவரின் டப்பாவைத் தூக்கி வைத்தார், எடை பார்த்தார், மறுபடி மில்லைப் போட்டார்.

அதற்குப் பிறகு அவள் தட்டாத கதவில்லை. கவுன்சிலர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அட்டைப்படம் பிரமாதமா வந்திருக்கே,” என்றார். சொந்தக்காரருக்கு போன் போட்டாள். அவர் ஏற்கெனவே ஒரு ஹோட்டல் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். வக்கீல் கோப்பைப் புரட்டி, “ஆதாரம் எல்லாம் எவ்வளவு கச்சிதமா இருக்கு, யார் தயார் பண்ணது?” என்று கேட்டார். அவள் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். போகிற இடமெல்லாம் அவள் எழுதியதே குறுக்கே நின்றது. ஆத்திரத்துக்கு யார் சட்டையையாவது பிடிக்கலாம் என்றால், பிடிக்க அவள் சட்டையைத் தவிர வேறு சட்டை இல்லை.

ஒப்படைக்கும் நாள் வந்தது. பட்டியல் எடுத்தவர்தான் சாவியும் வாங்க வேண்டும் என்று விதி. மாமா லாரியோடு ஷெட்டுக்குப் போய்விட்டார். மில் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா காகிதத்தை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

“இடைக்காலப் பயன்பாட்டாளர்.” நிமிர்ந்தாள். “முப்பத்தோரு வருஷமும் இடைக்காலமாடி?”

“அது படிவத்துல அப்படித்தான்க்கா அச்சடிச்சிருக்காங்க.”

திட்டுவாள் என்று டேப்பு காத்திருந்தாள். திட்டினால் தேவலை, நாலு அறை விட்டால்கூடத் தேவலை. அக்கா சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நேரத்தில், விஷயம் தெரியாத ஒரு அம்மாள் தானிய டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். காலி அறையைப் பார்த்துத் திகைத்து, “என்னம்மா, மில்லைக் காணோம்?” என்றாள்.

“எடுத்தாச்சும்மா. இது அந்தக் காலத்துல பெரிய விடுதியாம்,” என்றாள் அக்கா. குரலில் குத்தல் இல்லை. தங்கையை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்பதுபோல அவள் தோளில் கை வைத்துக்கொண்டாள். “யாருக்குமே தெரியாது. எங்க வீட்டுச் சின்னவதான் கண்டுபிடிச்சா. இல்லையாடி?”

அந்த அம்மாள் மரியாதையோடு டேப்புவைப் பார்த்தாள்.

“ஆமாக்கா,” என்றாள் டேப்பு.