ஒரே அடுப்பு

வருமானக் கணக்கெடுப்புக்கு ஆள் வருகிறார்கள் என்று எதிர்வீட்டு டிரைவர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலேயே இரண்டு பேருக்குச் சமைத்தேன். இரண்டு தட்டுகளைக் கழுவி, வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்தேன். சாப்பிடப்போவது நான் ஒருத்திதான். ஆனால் அதை ஊருக்கெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கீழே நான் இருக்கிறேன். மாடியில் என் தம்பியும் அவன் மனைவியும். ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி. அவன் கார் கழுவும் தண்ணீர் என் ஜன்னலுக்குக் கீழேதான் ஓடுகிறது. தினமும் காலையில் அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி, என் கதவைத் தாண்டி, காருக்குப் போகும். கதவருகில் ஒருநாளாவது நிற்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வெட்கங்கெட்ட காது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. கரெண்ட் பில்லை அவன்தான் கட்டுகிறான். மாடி கட்டும்போதே தனிச் சமையலறை வைத்துக்கொண்டான். "உனக்கு எதுக்குக்கா வீண் சிரமம்?" என்றான். என் சிரமத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், மகராசன்.

முதல் கணக்கெடுப்பு நடந்த காலத்தில் இந்தத் தெருவில் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுற்றிலும் வெற்று மனைகள், புதர், சேறு. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்தவர்கள்தான் இங்கே குடியிருந்தோம். யார் வீட்டில் என்ன சம்பளம் என்று எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே சம்பளம். ரகசியம் வைத்துக்கொள்ளக்கூட வசதி இல்லாத காலம். பிறகு பெரிய சாலை வந்தது, அலுவலகங்கள் வந்தன, அடுக்குமாடிகள் முளைத்தன. கம்பெனியை மூடினார்கள். தெருவுக்கு வந்த பணம் சில வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, சில வீடுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள ஊரெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. எங்கள் மாடிப்படியை அளந்தால் போதும்.

அந்த முதல் கணக்கெடுப்புக்கு ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். அப்பா படுத்த படுக்கை. சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. தம்பி வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஒரே அடுப்புல சாப்பிடறவங்கதான் ஒரு குடும்பம். உங்க தம்பி ஹாஸ்டல்ல சாப்பிடறாரு. இந்தக் கணக்குல வரமாட்டாரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அவன் எங்க சாப்பிட்டா என்ன சார்? அந்தச் சோத்துக்குக் காசு இங்கருந்துதான போகுது? எழுதுங்க. எழுதாம நீங்க வாசலத் தாண்ட முடியாது" என்று கதவை மறித்து நின்றேன். பாவம் மனிதர், எழுதிவிட்டுத்தான் போனார்.

இந்த முறை வந்தது ஒரு சின்னப் பெண். கையில் டேப்லெட், தோளில் பை, முகமெல்லாம் வியர்வை.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"மூணு பேரு. நான், தம்பி, தம்பி பொண்டாட்டி."

"எல்லாருக்கும் ஒரே சமையலா?"

"ஒரே சமையல்தான். அவங்க மாடியில படுத்துப்பாங்க, அவ்வளவுதான்."

அவள் பார்வை சமையலறைப் பக்கம் போயிற்று. "மூணு பேருக்கு ரெண்டு தட்டாம்மா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பி பொண்டாட்டியை நான் மறந்தே போயிருந்தேன். தட்டுக் கழுவும்போது என் மனதில் இருந்தது பழைய தம்பி மட்டும்தான்.

அன்று விடுமுறை. சத்தம் கேட்டுத் தம்பி சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "இல்ல மேடம், அக்கா தனி, நாங்க தனி. ரெண்டு சமையல்" என்றான். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், "ஏன்க்கா, உனக்கு என்ன ஆச்சு? ஒண்ணா எழுதினா என் சம்பளமும் உன் கணக்குல சேரும். உன் மருந்துச் சலுகை போயிடும். தனியா இருந்தா நீ வருமானத்துல கடைசிப் பிரிவுல வருவ. உனக்குத்தான் லாபம்" என்றான்.

கணக்கில் அவன் புலி. நான் படிக்க வைத்த புலிதானே.

"சலுகை போனா போகட்டும்டா."

"அப்புறம் மருந்த எத வெச்சு வாங்குவ?"

'நான் வாங்கித் தர்றேன், ஒண்ணாவே எழுதட்டும்' என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாங்கிக்கூடத் தர வேண்டாம், சொன்னால் போதும்.

"நீங்கதான் சொல்லணும்மா. எப்படி எழுதட்டும்?" என்றாள் அந்தப் பெண்.

"சீக்கிரம் சொல்லுக்கா. வெளிய சாப்பிடப் போறோம், அவ ரெடியாயிட்டா" என்றான் தம்பி.

"தனின்னே எழுதிக்கோம்மா."

"குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

"மத்த உறுப்பினர்கள்?"

நான் வாயெடுப்பதற்குள், "யாரும் இல்ல" என்று அவனே சொல்லிவிட்டான்.

அவள் பையிலிருந்து எண் போட்ட ஸ்டிக்கர்கள் இரண்டை எடுத்தாள். குடும்பத்துக்கு ஒன்றாம். ஒன்று மாடிக் கதவுக்கு, ஒன்று என் கதவுக்கு. என்னுடையது ஒட்டும்போதே ஒரு மூலையில் பெயர்ந்துகொண்டு நின்றது. என் கதவில் பெயிண்ட் உதிர்ந்து ரொம்ப நாளாகிறது.

"குடுங்க மேடம், நான் ஒட்டறேன்" என்று தம்பி வாங்கினான். கதவைக் கைக்குட்டையால் துடைத்தான். ஸ்டிக்கரை வைத்து, நான்கு மூலைகளையும் கட்டை விரலால் மாற்றி மாற்றி அழுத்தித் தேய்த்தான். வெகுநேரம் தேய்த்தான். மாடி கட்டி முடித்ததிலிருந்து என் கதவருகில் அவன் இவ்வளவு நேரம் நின்றதே இல்லை. அவன் பின்கழுத்தில் நரை விழுந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு என் பக்கம் திரும்பினான்.

"நல்லா ஒட்டியாச்சுக்கா. இனிமே உரிஞ்சு வராது."

"வராதுடா" என்றேன்.