இடது பக்கத்துச் சீட்டு

என் வீட்டுக்காரர் பூவனலிங்கம் அந்தக் காரைக் கொண்டுவந்த அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சிவப்பு நிறம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணி. முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் ஒன்றுமில்லை. சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த வண்டி. மூன்று பந்தி போட்டுச் சாப்பிடும் குடும்பத்துக்கு இரண்டு பேர் உட்காரும் கார் எதற்கு என்று என் மாமியார் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கவில்லை.

நான் சங்கரம்மாள், அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். கோவில்பட்டியில் எங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பகலெல்லாம் அவர் அங்கே. வீட்டுக்கு வந்தால் அண்ணன், தம்பி, கணக்கப்பிள்ளை, யாராவது ஒருவர் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் அறைக்கும் கொழுந்தன் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் 'நூறு வயசு' என்று வாழ்த்தலாம். அப்படிப்பட்ட வீட்டில் புருஷன் பெண்டாட்டி என்ன பேசிக்கொள்வது? கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் அவருக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னார். இந்த மாதிரி வண்டியை ஒற்றை ஆளாக ஓட்டினால் வலது பக்கம் இழுக்குமாம், டயர் தேயுமாம், இடது பக்கம் பாரத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம். அத்தை அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பருத்தி மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். மூட்டை வளைவில் உருண்டுவிடும் என்றார் இவர், வெட்கமே இல்லாமல். அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலங்களில் நான் பாரமானேன்.

எட்டயபுரம் தாண்டி நாகலாபுரம் போகிற ரோட்டில் போவோம். இரண்டு பக்கமும் கரிசல், கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்தியும் கம்பும். காற்றில் என் சேலைத் தலைப்பு அவர் முகத்தில் அடிக்கும், அவர் திட்டிக்கொண்டே ஓட்டுவார். அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் அவருக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். வீட்டில் அம்மா மனசு நோகக் கூடாதென்று வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருந்திருக்கிறார், பாவம். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது நான் அழுததும் அங்கேதான். வீட்டில் அழ இடமில்லை; அழுதால் நாலு பேர் தேற்ற வந்துவிடுவார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் உடைமரக் காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. எனக்கு அவர் மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

இந்த நல்ல காலத்தில் கல்லைப் போட்டவர் காசிராஜன். இவருடைய சிநேகிதர், சாத்தூரில் பட்டாசு ஆபீஸ் வைத்திருந்தார். அவரிடமும் இதே ஜாதிக் கார், பச்சை நிறத்தில். அதைச் செய்த சீமைக் கம்பெனியே வேகத்துக்கென்று தனியாக ஒரு 'ஸ்பெஷல் செட்' விற்றதாம்: இரட்டைக் கார்புரேட்டர், புது கேம் ஷாஃப்ட், சைலன்சர் குழாய். எல்லாம் மரப்பெட்டியில், வைக்கோல் பொதிந்து, நட்டு முதல் வாஷர் வரை கம்பெனி முத்திரையோடு வரும். இறக்குமதி லைசென்ஸ் வாங்கி, பம்பாய்த் துறைமுகத்தில் தவம் கிடந்து, காசிராஜன் அதை வரவழைத்து மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உறுமினார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளே கொம்பையாவிடம் போய்விட்டார். கொம்பையாவுக்கு எட்டயபுரம் ரோட்டில் பட்டறை. லாரி, டிராக்டர், கிணற்று எஞ்சின், எது வந்தாலும் எதையாவது கழற்றி எதிலாவது மாட்டுவார். பாதி நேரம் ஓடும், பாதி நேரம் ஓடாது. ஓடாவிட்டாலும் அவர் முகத்தில் கவலையைப் பார்க்க முடியாது. பெட்டியில் வருகிற சாமான் எல்லா ஊருக்கும் பொதுவாகச் செய்தது, நம் வண்டிக்கு நம் கைவேலைதான் சரி என்பது அவர் கட்சி. கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகிறது என்பது காசிராஜன் கட்சி. இரண்டு கட்சியும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக் குடித்துச் சண்டை போட்டன. ஆயுத பூசை கழிந்து வருகிற ஞாயிறு, ஊருக்கு வெளியே இருந்த பழைய விமானத் திடலில் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது.

கொம்பையா எஞ்சின் ஹெட்டை இழைத்து மெலிதாக்கினார். வேறு வண்டியின் கார்புரேட்டரைக் கொண்டுவந்து பூட்டினார். சைலன்சரைப் பாதியில் அறுத்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுக் குழந்தைகள் விழித்துக்கொண்டன. அதோடு விட்டாரா? வேகம் வேண்டுமானால் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பம்பர் போனது. ஸ்டெப்னி போனது. முன் கண்ணாடி போனது. கடைசியில் இடது பக்கத்துச் சீட்டு வீண் பாரம் என்றார். ஸ்பேனரை எடுத்து அதன் போல்ட்டைக் கழற்றியவர் என் வீட்டுக்காரர்.

சீட்டைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப பாரத்துக்கு என்னலே செய்வ?" என்று கேட்டார். கொம்பையா அதைச் சரிசெய்துவிட்டார் என்று இவர் வாய் கூசாமல் சொன்னார். அத்தை சீட்டைப் பின்கட்டில் வேப்பமரத்தடியில் போடச் சொல்லி, உட்கார்ந்து பார்த்தார். நல்ல தோல், உள்ளே ஸ்பிரிங். முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து அரிசி புடைப்பது, மொச்சை உரிப்பது எல்லாம் அந்தச் சீட்டில்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அந்த வீட்டில் மருமகள் கோபப்படவும் இடம் கிடையாது. அதனால் மரியாதையாக நடந்துகொண்டேன். "வாங்க, உக்காருங்க, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா" என்று சம்பந்தி வீட்டாரை உபசரிக்கிற மாதிரி உபசரித்தேன். தினமும் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தேன். அந்த மனிதர் தின்றுவிட்டு, கார்புரேட்டரை நினைத்துக்கொண்டு கை கழுவப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் 'ட்ரயல்' பார்க்கத் தனியாகப் போய்விட்டார்.

பந்தயத்துக்குக் குடும்பத்தோடு போனோம், புளியோதரை கட்டிக்கொண்டு. இரண்டு காரும் ஒன்றாகக் கிளம்பின. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. புழுதி அடங்கியபோது சிவப்பு வண்டிதான் முதலில் எல்லை தாண்டியிருந்தது. கொம்பையா துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். காசிராஜன் இறங்கி வந்து இவர் தோளில் கைபோட்டு, என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார்.

"கம்பெனி செட்டும் தோக்கல, கொம்பையா அண்ணாச்சியும் ஜெயிக்கல. தங்கச்சி சீட்டைக் கழட்டிப் போட்டேல்லா, அதுதான்லே ஜெயிச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் புளியோதரைப் பாத்திரத்தை மூடினேன்.

பந்தயம் முடிந்தால் சீட்டு திரும்பி வரும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் பேச்சு சோழவரத்துக்குப் போய்விட்டது. மெட்ராஸ் பக்கம் பெரிய பந்தயம் நடக்கிறதாம், மாசியில் போகப்போகிறாராம், அதுவரை வண்டி இப்படியே இருக்கட்டுமாம். மாசி முடிந்தால் இன்னொன்று வரும், எனக்குத் தெரியாதா? வெற்றிலைத் தட்டை எடுத்துப் போன நான் அதைக் கீழே வைத்துவிட்டு, கொம்பையா இருக்கிறார் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"என் சீட்டை எப்பப் போடுவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு சீட்டுதானட்டி. அம்மா உக்காந்திருக்காவ, அதுல போய் என்னத்த..."

அந்த 'ஒரு சீட்டுதானட்டி' என் காதில் விழுந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் முன்னால் அழ மனசில்லாமல் பின்கட்டுக்குப் போனேன். அங்கே அத்தை அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அழ வந்த இடத்திலும் ஆள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அத்தே, எனக்கு அந்தச் சீட்டு வேணும்" என்றேன். "வேற எதுவும் வேண்டாம். நகை வேண்டாம், சேலை வேண்டாம். வாரத்துல ஒருநா அவியகூட உக்காந்து பேச எனக்கு இந்த ஒரு இடந்தான் இருந்துச்சு."

மாமியாரிடம் இப்படிப் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தை மொச்சை உரித்துப் போட்ட சுளகைக் கீழே வைத்தார். மடியில் கிடந்த தொலியைத் தட்டிவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"பதினாலு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன்" என்றார். "ஒங்க மாமாகூட நான் தனியா உக்காந்து பேசுனது, அவிய பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கெடந்தாவல்லா, அந்தப் பத்து நாளு. அவியளுக்கு இவ்வளவு பேச்சு வரும்னு எனக்கு அப்பத்தான் தெரியும். பதினோராம் நாளு போயிட்டாவ."

அத்தை அங்கிருந்தபடியே முன்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே பூவனம், கொம்பையாவக் கூட்டிட்டு வந்து இதத் தூக்கிட்டுப் போ. இப்பவே மாட்டு."

இவர் ஓடிவந்தார். சீட்டு ஏறினால் வேகம் குறையும், சோழவரத்தில் மானம் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார். அம்மா முழங்கால் வலியோடு தரையில் உட்காருவது கஷ்டம் என்றுகூடச் சொன்னார்.

"கொறையட்டும்லே" என்றார் அத்தை. "மெதுவாப் போ. அவ பேசுததக் கேட்டுக்கிட்டே போ."

கொம்பையா முனகிக்கொண்டே போல்ட்டை முடுக்கினார். ஒரு போல்ட்டைத் தொலைத்திருந்தார். லாரி போல்ட் ஒன்றை அரத்தால் ராவி அந்த இடத்தில் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் ரோட்டில், ஸ்டெப்னியும் முன் கண்ணாடியும் இல்லாத காரில், அத்தை சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். கோபம் தீர்ந்திருக்கவில்லை, நன்றாக உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். பத்து நாள் என்றதும் அவர் வேகத்தைக் குறைத்தார். அப்பா இறந்தபோது அவர் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாராம். அந்தப் பத்து நாளில் அப்பா என்ன பேசினார் என்று அம்மாவிடம் அவர் கேட்டதே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. என் கோபமும் அத்தோடு போயிற்று.

பாதியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துச் சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி, நேரே பின்கட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பா என்னம்மா பேசுனாவ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி ஏதோ எடுக்கப் பின்கட்டுக்குப் போக வந்தாள், பிள்ளைகள் அவள் பின்னாலேயே வந்தன. எல்லாரையும் முன்கட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, நடுக்கதவைச் சாத்தி, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.