பிரிஞ்சி இலையில் எழுதினது

தயிர்சோற்றில் விரலை வைத்ததுமே புஷ்பாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தும் கையை விட்டு லாவெண்டர் வாடை போகவில்லை. பூ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது பூ இல்லை, கேனில் வருகிற எண்ணெய். காலையிலிருந்து அந்த எண்ணெயைக் கலந்து மெழுகு ஊற்றிய கை, சோற்றைப் பிசைந்தால் சோறும் அதே வாடைதான் அடிக்கும். பணக்காரன் ஊட்டுக் கக்கூஸ் வாடை என்பாள் சுலோசனா. அவள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டைக் கடித்தபடி, "இன்னாக்கா ஓங்கரிக்கிற, மாசமா கீறது நீயா உம் பொண்ணா?" என்றாள். மற்ற நாளாக இருந்தால் புஷ்பாவும் பதிலுக்கு ஏதாவது கொடுத்திருப்பாள். இன்றைக்கு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

திருமழிசை எஸ்டேட்டின் கடைசி வரிசையில் இருந்தது அந்த ஷெட். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காற்றுப் பட்டால் மெழுகு கோணலாக உறையும் என்று ஃபேன் போட விடமாட்டார்கள். கக்கூசுக்குக் கதவு இல்லை. அவசரம் என்றால் பக்கத்து லேத் பட்டறையில் போய்க் கெஞ்ச வேண்டும். மெழுகுப் பாத்திரம் கழுவின தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் போய் வெள்ளை ஏடாகப் படிந்து கிடக்கும். அதில் புரண்டு எழுந்த பன்றிகள், சுண்ணாம்பு அடித்த மாதிரி முதுகோடு எஸ்டேட் ரோட்டில் திரியும்.

இந்த ஷெட்டில்தான் இயற்கையை வணங்குகிற பெட்டி தயாரானது. பச்சை, வெள்ளை, கறுப்பு என்று மூன்று மெழுகுவத்தி, ஒரு பொட்டலம் கல்லுப்பு, காய்ந்த பூ, பட்டை, பிரிஞ்சி இலை, ஒரு குட்டிக் கண்ணாடிச் சீசா, அதற்கு ஐந்து முனை நட்சத்திரம் அடித்த தகர மூடி. மேலே ஒரு சின்னப் புத்தகம்: 'விக்கா: புதிதாக வருபவர்களுக்கு'. முதலாளியம்மா தேவிப்பிரியா வானகரத்தில் பைபாஸ் ஓரத்து அடுக்குமாடியில் இருப்பவள், முப்பத்துச் சொச்சம் வயசு. முதல் நாளே பொம்பளைகளை உட்கார வைத்து விளக்கினாள். இது இங்கிலாந்தில் எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் கிளம்பின மார்க்கம், அதற்கும் முந்தைய பழைய வழிபாடுகளிலிருந்து எடுத்தது. நிலா ஒரு அம்மன், காட்டுக்குக் கொம்பு வைத்த ஒரு சாமி, சூரியன் நகர்கிற கணக்கில் வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. கோயில் வேண்டாம், பூசாரி வேண்டாம், உப்பால் ஒரு வட்டம் போட்டால் அதுவே கோயில். கும்பிடுகிறவர்கள் தங்களைச் சூனியக்காரி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். யாருக்கும் தீங்கு நினைக்கக்கூடாது என்பதுதான் ஒரே சட்டம். நினைத்தால் மூணு மடங்காகத் திரும்பி வரும்.

சுலோசனா முழுசையும் கேட்டுவிட்டு, பிரிஞ்சி இலையை எரித்தால் சாமி வராது, பிரியாணிக்குப் பந்தி கேட்டு ஆள்தான் வரும் என்றாள். தேவிப்பிரியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். நல்ல மாதிரிதான் பேசுவாள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கக்கூஸ் கதவு மட்டும் வரவே இல்லை.

ஆயுதபூஜைக்குப் பொரியும் ஸ்வீட்டும் எதிர்பார்த்து நின்றவர்களுக்கு இந்த வருஷம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தாள். மூலை நசுங்கி, கடைக்கு அனுப்ப முடியாமல் கிடந்த பெட்டிகள். சுலோசனா தன் பெட்டியிலிருந்து மெழுகுவத்தியைக் கரண்ட் போகும்போது ஏற்றினாள், பட்டையைக் குழம்பில் போட்டாள், மீதியைக் குப்பையில் கொட்டினாள். புஷ்பாவும் அப்படிச் செய்திருக்கலாம்.

செய்யாததற்குக் காரணம் சித்ரா. மகளுக்கு இரண்டு கரு கலைந்து, இது மூன்றாவது. படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஆவடியிலிருந்து புருஷன் கொண்டுவந்து அம்மா வீட்டில் விட்டிருந்தான். வீடு என்றால் ஜம்புலிங்கத்தின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற ஒண்டுக்குடித்தன அறைகளில் ஒன்று. எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம் ஜம்புலிங்கத்துடையது. நிலம் போய்விட்டது, நிலக்காரன் அதட்டல் போகவில்லை. சித்ரா வந்து இறங்கின அன்றைக்கே அவர் பெண்சாதி பார்வதம் குழாயடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ரெண்டு போச்சாமே. ஓட்டப் பானையில தண்ணி நிக்குமா?" சித்ரா உள்ளே படுத்துக்கொண்டு அதைக் கேட்டாள். புஷ்பா வாயை மூடிக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வாடகைக்கு இருக்கிறவளுக்கு வாய் எதற்கு.

அம்மனுக்குக் கூழ் ஊற்றியாகிவிட்டது, மாங்காட்டுக்கு நடந்தாகிவிட்டது, பூந்தமல்லி தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டியாகிவிட்டது. இது ஒன்று பாக்கி இருந்தது, அவ்வளவுதான். பௌர்ணமியன்று நிலா கிளம்புகிற நேரத்தில், புத்தகத்தில் போட்டிருந்தபடி அடுப்படியில் உப்பால் வட்டம் போட்டு, பச்சை மெழுகுவத்தி ஏற்றி, பிரிஞ்சி இலையில் பேனாவால் 'சித்ரா புள்ள தங்கணும்' என்று எழுதி நெருப்பில் காட்டினாள். சாம்பலையும் உப்பையும் சீசாவில் அடைத்து, உயிருள்ள மரத்தின் வேரில் புதைக்கச் சொல்லியிருந்தது. அவளுக்கென்று ஏது மரம்? மோட்டார் ரூம் பக்கத்தில் வீட்டுக்காரருடைய கறிவேப்பிலை மரம் இருந்தது.

பார்வதத்துக்கு அடுத்த வாரம் அக்கி வந்தது. வாயோரத்தில் ஆரம்பித்துக் காது வரைக்கும் கொப்புளம். குயவரைக் கூப்பிட்டுக் காவி குழைத்து எழுதினார்கள். காவிக்கு மேலேயே சீழ் வழிந்து, ஈ உட்கார்ந்து, அவள் ஸ்ட்ராவில் கஞ்சி உறிஞ்சினாள். அந்த நேரத்தில்தான் மோட்டார் குழாய் உடைந்து, பிளம்பர் தோண்டி, சீசாவை வெளியே எடுத்தார். உள்ளே சாம்பலும் உப்பும். மூடியில் நட்சத்திரம். தெருவுக்கு வேறென்ன வேண்டும்? எதிர் வீட்டுக்காரி, தெருமுனையில் குடியிருக்கிற சுலோசனா குப்பையில் போட்ட அதே மாதிரி மூடியைப் பார்த்திருக்கிறாள். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துபோனது. அங்கே வேலை செய்கிறவள் வீட்டுக்காரர் மனையிலேயே குடியிருக்கிறாள் என்பதும் தெரிந்துபோனது. மருந்துக்கடையில் பிராய்லர் கோழி மாதிரி வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் தின்கிற அதே ஜனம், சீசாவைக் குச்சியால் தள்ளித் தள்ளி வேடிக்கை பார்த்தது. நேற்றுவரை அவளிடம் மெழுகுவத்தி ஓசி கேட்டவர்கள் அவள் வாசலைத் தாண்டும்போது மண்ணில் துப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயிலுக்கு வந்து சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்று. இல்லாவிட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று ஜம்புலிங்கம் சொல்லிவிட்டார். சூனியக்காரி என்று பேர் வாங்கினவளுக்கு இந்தப் பக்கம் எவனும் வீடு தரமாட்டான். அசையக்கூடாத பெண்ணை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

வியாழக்கிழமை தேவிப்பிரியா ஷெட்டுக்கு வரவில்லை. வானகரத்து அடுக்குமாடியின் கிளப் ஹாலில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு என்றார்கள். புஷ்பா பஸ் பிடித்துப் போனாள். ஏசி குளிரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் ஊற்றின மெழுகுவத்திகள். ஒவ்வொருத்தியாகக் கண்ணை மூடி, "நான் ஒரு விட்ச்" என்றாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒருத்திக்கு அழுகை கூட வந்தது. தோளில் தட்டி டிஷ்யூ கொடுத்தார்கள். கதவோரத்தில் நின்ற புஷ்பாவைப் பார்த்ததும் தேவிப்பிரியா எழுந்து வந்து, இந்தக் கைதான் உங்கள் மெழுகுவத்தியையெல்லாம் ஊற்றின கை என்று அவள் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள். மறுபடியும் கை தட்டினார்கள். ஒருத்தி செல்போனைத் தூக்கினாள். தன் கையை இன்னொருத்தி அப்படித் தூக்கிப் பிடித்திருப்பது, சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிற மாதிரி இருந்தது புஷ்பாவுக்கு.

வெளியே லிஃப்ட் பக்கத்தில் விஷயத்தைச் சொன்னாள். தேவிப்பிரியாவின் முகம் வெளுத்தது. வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது கம்பெனிப் பெட்டி, கெடுதலுக்கு இல்லை என்று, எனக் கெஞ்சினாள் புஷ்பா.

"இது செய்வினை இல்லன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதாக்கா?"

"எனக்கு ஊடு குடுத்தவருக்குத் தெரியணும்மா."

"நான் அங்க வந்து நின்னா எவனாவது வீடியோ எடுப்பான். எங்க மாமியாருக்கே நான் மெழுகுவத்தி விக்கிறேன்னுதான் தெரியும்." குரலைத் தாழ்த்தினாள். "என் பேர மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

பிறகு உள்ளே போய், மனசு சுத்தமாக என்று ஒரு கட்டுக் காய்ந்த இலையைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். மாட்டுத் தீவனம் மாதிரி இருந்தது. புஷ்பா அதை பஸ் ஸ்டாப்பில், சோடா மூடிகளுக்கு நடுவே போட்டுவிட்டு ஏறினாள். உள்ளே இருக்கிறவள் தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொண்டால் கைதட்டல், நம்மைச் சொன்னால் எச்சில். ஜன்னல் வழியாக அவளுக்கே துப்ப வேண்டும் போல் இருந்தது. வாயில் லாவெண்டர்தான் இருந்தது.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் பண்ணினது தேவிப்பிரியா இல்லை. அந்த இலை எரிந்த நிமிஷம்தான். எழுதினது மகள் பேரைத்தான். ஆனால் நெருப்பு எழுத்தைத் தொட்டபோது குழாயடிப் பேச்சு காதில் வந்தது. அவ வாய் அழுகணும் என்று மனசு சொன்னது. சொன்னது நிஜம். யாரும் கேட்கவில்லை. உப்பு வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். வாயோரத்தில்தான் அக்கி ஆரம்பித்தது. மூணு மடங்கு என்று புத்தகத்தில் படித்தபோது சுலோசனாவோடு சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது சிரிக்க முடியவில்லை. சூடத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினால் அது யார் வயிற்றில் போய் விடியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோயில் வாசலில் தெருவே இருந்தது. பார்வதம் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துண்டின் ஓரம் மஞ்சளாக நனைந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சித்ரா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். தட்டில் சூடத்தை ஏற்றினார் ஜம்புலிங்கம்.

"பொதச்சது நீதானா?"

"நான்தாங்க. எம் பொண்ணு வயித்துல புள்ள தங்கணும்னு பொதச்சேன்."

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ, பொண்ணுக்குன்னா கோயில் இல்லியா என்றார்கள். ஜம்புலிங்கம் கையைக் காட்டி அடக்கினார். "செரி. யாருக்கும் கெடுதி நெனைக்கலன்னு சொல்லி அணச்சிட்டுப் போ. ஊடு உன்துதான்."

புஷ்பா கையை நீட்டினாள். சூட்டில் உள்ளங்கை வியர்த்தது. பார்வதத்தின் கண் மட்டும் துண்டுக்கு மேலே தெரிந்தது. அதில் கோபம் கூட இல்லை, வலிதான் இருந்தது. கலப்படச் சூடம், கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு எரிந்தது. முன்னே போன கை அங்கேயே நின்றது. சூடம் பாதியானது. அணைக்காமலே அது தீர்ந்துபோனால் அதுவும் ஒரு பதில்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் சிரித்தான்.

"இன்னாம்மா நிக்கிற?" என்றாள் சித்ரா.

அடுத்த நொடி புஷ்பாவை இடித்துக்கொண்டு ஒரு கை முன்னே வந்தது. "எங்கம்மா யாருக்கும் கெடுதி நெனைக்கல. எம் வயித்து மேல ஆணை." சித்ராவின் உள்ளங்கை தட்டில் அறைந்து விழுந்தது. சூடம் அணைந்தது.

ஜம்புலிங்கம் தலையாட்டினார். கூட்டம் ஏமாந்த மாதிரி கலைந்தது. பார்வதத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். சித்ரா சுட்ட கையை ஊதி ஊதி, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு யோசிக்காமல் கையைப் புடவையில் துடைத்தாள். வயிற்றுக்கு நேராக, மஞ்சள் புடவையில், ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. புஷ்பா மண்டியிட்டு முந்தானையை எச்சிலில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க அது பரவியது.