முன்னூற்றுப் பன்னிரண்டு படி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நெட்டையின் புளுகு எட்டு வருஷம் உழைத்தது. கடைசி இரண்டு வருஷம் அது புளுகு என்று தெரிந்தே பொத்தான் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். நல்ல சரக்கு, தூக்கிப்போட மனசு வரவில்லை.

இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருத்தி விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்ததால் நெட்டை. இன்னொருத்தியின் வீட்டில் பொத்தான், லேஸ், ஜிப் விற்கிற கடை. ஆளும் குட்டையாக, உருண்டையாக இருந்தாள். வேறு பேர் தேட வேண்டிய அவசியம் வகுப்பில் யாருக்கும் வரவில்லை. ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பேர்கள் கழன்று விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நெட்டை கல்யாணமாகிப் பெரிய நகரத்துக்குப் போனாள். அங்கே ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை. பொத்தான் அப்பாவின் கடையிலேயே உட்கார்ந்தாள். "இந்த விலைக்குக் கட்டாதும்மா" என்று அவள் சொல்லும்போதே அவள் கை சரக்கைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிடும். அந்த ரகசியம் தெரிந்த வாடிக்கையாளர்கள் வாயைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மேல் தட்டில் இருந்த டப்பாவை எடுக்க ஏணியில் ஏறியவள், டப்பாவோடு கீழே வந்தாள். இடுப்பெலும்பு. ஏழு மாதம் படுக்கை. எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து நடக்க வேண்டியது அவள் பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி கெஞ்சினாள், தம்பி திட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நெட்டையின் போன் வர ஆரம்பித்தது.

"இன்னிக்குக் கோபுரத்துக்குப் போனேன்டி. முன்னூத்திப் பன்னிரண்டு படி. மேல போனா ஊரே தட்டுல வெச்ச மாதிரி தெரியுது. நீ வா, கூட்டிட்டுப் போறேன். ஆனா படி ஏறணும், கால் வேணும். பார்த்துக்கோ."

அடுத்த வாரம் ஆற்றில் படகு. அதற்கடுத்த வாரம் கண்ணாடிக் கூடத்தில் பறவைகள், தோளில் வந்து உட்காருமாம். பொத்தான் எட்டாவது வாரம் எழுந்து உட்கார்ந்தாள். பத்தாவது வாரம் சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு வீட்டு மாடிப்படி பதினெட்டையும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முன்னூற்றுப் பன்னிரண்டைக் கணக்குப் பார்த்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பது ஊர் வழக்கு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு இடுப்பை நிமிர்த்தியது உலகத்திலேயே நெட்டை ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அது பொய் என்று தெரிந்தது ஒரு சுற்றுலா பஸ் டிரைவரால். ஜாக்கெட்டுக்கு ஜிப் வாங்க வந்த மனுஷன், பேச்சுவாக்கில் அவள் நெட்டையின் படகுச் சவாரியைச் சொன்னதும், "அந்த ஊர்லயா? ஆறே கிடையாதேக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொத்தான் அன்றைக்கு மீதிச் சில்லறையைக்கூடத் தப்பாகக் கொடுத்தாள்.

கோபம் வரவில்லை. கடனாகக்கூடத் தோன்றவில்லை; கடனைத் திருப்பிவிடலாம். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் சிக்கல். வியாபாரி வாயில் 'கட்டாது' வருகிற வேகத்தில் 'நன்றி' வராது. அந்த வார்த்தையை அவள் பில்லின் அடியில் அச்சடித்துத்தான் பார்த்திருக்கிறாள். அதோடு, பொட்டலத்தைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் புகழ முடியுமா? எதற்கு நன்றி என்று சொல்லப்போனால் புளுகு வெளியே வரும். நெட்டை ரோஷக்காரி. ஒரு தடவை மூஞ்சி செத்துப்போனால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் வராது.

இரண்டு வருஷம் யோசித்துவிட்டு, கடையைத் தம்பி பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, ரயில் ஏறிவிட்டாள்.

ஸ்டேஷனில் இறங்கினால் மழை. சாதாரண மழை இல்லை, வானம் மொத்த வியாபாரத்தில் இறங்கிவிட்ட மழை. நெட்டை ஒரு கம்பி ஒடிந்த குடையோடு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வாடி பொத்தான்! மழையைப் பாரு. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுலயே உட்கார்ந்து பேசலாம்டி."

"ஏன், நான் என்ன உப்பா, கரைஞ்சு போறதுக்கு? பாதி ராத்திரியா இது? விடிஞ்சு இப்பதானே ஒன்பது மணி. நட."

சொன்ன பிறகுதான் பொத்தானுக்கு உறைத்தது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் தப்பித்திருக்கும். பேரத்தில் முதல் வார்த்தையை அவசரப்பட்டு விடக்கூடாது என்று அப்பா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது இந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

முதலில் பறவைக் கூடம். நெட்டை ஒரு அகலமான சாலையின் இந்தப் பக்கமே நின்றுகொண்டு, எதிரே இருந்த கண்ணாடிக் கட்டடத்தைக் குடையால் காட்டினாள்.

"அதான். பறவையெல்லாம் மழைக்கு உள்ள போயிருக்கும்."

கண்ணாடிக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தார். கதவில் வீட்டுக் கடன் விளம்பரம் ஒட்டியிருந்தது.

"ஆமாமா. நனைஞ்சா அதுங்களுக்குச் சளி பிடிச்சிடும்" என்றாள் பொத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே வாங்கினாள். வலித்தது.

அடுத்தது கோபுரம். இது நிஜமாகவே இருந்தது. மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. நெட்டைக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளியிடம் நேராகப் போய், "படி எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டாள்.

"படியா? இங்க கட்டினதுலேர்ந்தே லிஃப்ட்தாம்மா. அதுவும் மழைன்னு இன்னிக்கு நிறுத்திட்டாங்க."

நெட்டையின் முகம் துவைத்துப் பிழிந்த துணியாகிவிட்டது. பொத்தான் குறுக்கே புகுந்தாள்.

"தம்பி, நீங்க இங்க எத்தனை வருஷமா?"

"மூணு வருஷம்."

"அதானே பார்த்தேன். அதுக்கு முன்னாடி இருந்ததை எடுத்துட்டாங்க."

"இல்லம்மா, இதைக் கட்டினப்ப சிமென்ட் கலக்கினதே எங்கப்பாதான்."

"அவர் கீழ நின்னு கலக்கிட்டிருந்திருப்பார். மேல என்ன நடந்ததுன்னு அவருக்கு யார் சொன்னா? பாவம், நல்ல மனுஷன். கேட்டதா சொல்லுங்க."

காவலாளி தன் அப்பாவைப் பற்றியே சந்தேகம் வந்தவர் மாதிரி மேலே பார்த்தார். அதற்குள் பொத்தான் நெட்டையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது படகுதான். அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று பொத்தான் வாயைப் பூட்டிக்கொண்டாள். நெட்டையோ கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறினாள். எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. அது முக்கால் மணி நேரம் சுற்றி, டெப்போவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வரிசையாகக் காலி பஸ்கள். ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு. பெஞ்சின் அந்தக் கோடியில் கண்டக்டர் ஒருவர் பிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நெட்டை செருப்பைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஊர்ல ஆறே இல்லைடி."

"வத்திப் போயிருக்கும், விடு."

"வத்தலை. இருந்ததே இல்லை. நீயும் நிறுத்து. காலையிலேர்ந்து எனக்கு வக்காலத்து வாங்கிட்டு வர்ற. நீயாவது, கேட்ட விலையைக் கொடுத்துட்டு வர்ற ஆளாவது? உனக்குத் தெரியும்."

பொத்தான் குனிந்து புடவைக் கரையைப் பிழிய ஆரம்பித்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

நெட்டை ஈரக் குடையாலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். "பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா நடக்க விட்ட? பேங்கைக் காட்டிப் பறவைன்னேனேடி!"

"சளி பிடிக்கும்னு நான்தானே சொன்னேன்."

கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். நெட்டையின் சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைதான்டி எங்களுக்கு வேலை ஜாஸ்தி. ஓட்டல்ல அன்னிக்குத்தான் எல்லாரும் ரூமைக் காலி பண்ணுவாங்க. தரைக்குக் கீழ எங்க கூடம், ஜன்னல் கிடையாது. மத்தியானம் பதினஞ்சு நிமிஷம் விடுவாங்க. அழுக்கு மூட்டை மேல உட்கார்ந்துதான் உனக்குப் போன் பண்ணுவேன். முதல் வாரம் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ 'அப்புறம்?'னு கேட்ட. நாலு மாசமா யாரோடயும் பேசாதவ 'அப்புறம்?'னு கேட்டா, நான் என்ன சொல்றது? இன்னிக்கு நானூறு படுக்கை விரிப்பு வந்துதுன்னா?"

"அதுக்கு இத்தனை எங்க பிடிச்ச?"

"சட்டைப் பையில. தங்க வர்றவங்க ஊர் சுத்திப் பார்க்கிற நோட்டீஸை அப்படியே விட்டுடுவாங்க. மெஷின்ல சுத்திப் பாதி எழுத்து போயிருக்கும், மீதியை நான் போட்டுக்குவேன். முன்னூத்திப் பன்னிரண்டுன்னு கோபுரம் பக்கத்துல இருந்தது. படின்னு நெனச்சேன்; உசரமோ என்னவோ. அந்தப் படகு நோட்டீஸைப் பையில வெச்சிருந்த ஆள் எந்த ஊரைப் பார்த்துட்டு இங்க வந்தானோ, தெரியாது." மூக்கை உறிஞ்சினாள். "பதினெட்டு வருஷமா வீடு, வேலை, வீடு. ஒண்ணையும் பார்த்ததில்லை. உன்கிட்டதான் பெரிய இவளாட்டம்... சரி, விடு. எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்."

"உட்காரு."

"மழை விட்டுடுச்சு பாரு."

விடவில்லை, தகரத்தில் மத்தளம் கொட்டிக்கொண்டிருந்தது. பொத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி ஊறித் தடித்த தோல். துணியைத் தொட்டே நூலின் தரம் சொல்கிற விரல்கள் பொத்தானுடையவை. அந்தக் கை எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்த கை என்று அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்கு இதெல்லாம் பேச வராது. கோணல்மாணலா வரும், கேட்டுக்கோ. டாக்டர் எலும்பைத்தான் ஒட்ட வெச்சார். எழுந்திரிக்கணும்னு ஆசையை நீதான் வெச்ச. ஒரு ஊர்ல ஏதோ ஒண்ணு எனக்காகக் காத்துட்டிருக்குன்னு நெனச்சேன். அது கோபுரமா இருந்தா என்ன, அழுக்கு மூட்டை மேல உட்கார்ந்திருக்கிற நீயா இருந்தா என்ன? உனக்குக் கிடைச்ச பதினஞ்சு நிமிஷத்தை நீ சாப்பிட்டிருக்கலாம். எனக்குக் கொடுத்த. அதுக்கு... நன்றிடி."

சொல்லிவிட்டாள். வார்த்தை சின்னது, ஆனால் வெளியே வந்ததும் இடுப்பு வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

நெட்டை நிமிரவில்லை. கழற்றிய செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் அந்தப் போனை எதிர்பார்த்துத்தான்டி வாரம் பூரா ஓட்டினேன்" என்றாள் செருப்பிடம். "நானும்தானே அந்தப் பதினஞ்சு நிமிஷம் வெளியில சுத்தினேன்."

கண்டக்டர் பிளாஸ்க்கை மூடி, விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு பஸ் உறுமியது.

நெட்டை செருப்பை மாட்டினாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு, ஊர் தெரியாதவள் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று காலையிலிருந்து பயந்து நடந்தவள், பாதி டெப்போவுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"அண்ணே! இந்த ஊர்ல பார்க்கிறதுக்கு என்னண்ணே இருக்கு?"

கண்டக்டர் இரண்டு பேரையும், சொட்டுகிற குடையையும் பார்த்தார்.

"இந்த மழையிலயா? எந்த ஊர்லேர்ந்தும்மா வர்றீங்க?"

"அவ வெளியூரு. நான் இதே ஊர்தான்" என்றாள் நெட்டை. அவர் பஸ்ஸிலேயே ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் பெரிதாகத் துடைத்துவிட்டு, பொத்தானுக்கும் தெரிகிற மாதிரி நகர்ந்துகொண்டாள்.