தானாக நீண்ட பெயர்ப்பலகை

கேட்கிற டாக்டரின் பெயர்ப்பலகையில், அவர் தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரும் எழுதாத ஏழாவது வரி ஒன்று இருந்தது. முந்தைய நாள் அவர் அறையைப் பூட்டிக்கொண்டு போனபோது ஆறு வரிகள்தான் இருந்தன. கீழே தையல் கடையில் இருந்தவர்களும் ஆறுதான் என்று சாட்சி சொன்னார்கள். பயம், மனச்சோர்வு, தூக்கமின்மை, போதைப் பழக்கம், தம்பதியர் பிரச்சினை, குழந்தைகளின் படிப்புச் சிக்கல் என்று தொழில்முறையாக அடுக்கியிருந்த அந்த ஆறுக்கும் கீழே, அதே நீலப் பெயிண்டில், அதே சாய்ந்த கையெழுத்தில், ‘செத்துப்போன தம்பியின் சட்டையை எட்டு வருடமாகத் துவைக்காமல் வைத்திருப்பது’ என்று இருந்தது. பலகை எழுதியவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எழுத்து என்னுதுதாம்மா. ஆனா எழுதினது நான் இல்லை,” என்றார். அதற்குமேல் விசாரிக்க அதில் ஒன்றும் இல்லை. அன்று மாலை நாலரை மணிக்கு, மடித்த சட்டை ஒன்றை பிளாஸ்டிக் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வங்கிக் காசாளர் படியேறி வந்தார்.

டாக்டர் சும்மா வந்து பலகை மாட்டியவர் இல்லை. உளவியலில் இரண்டு பட்டம், அதற்குமேல் பெரிய அரசு மனநல மருத்துவமனையில் இரண்டு வருடப் பயிற்சி. நாற்பது படுக்கை உள்ள பெண்கள் வார்டில் காலை ஏழு மணிக்கு நுழைவார். மைக்கறை அட்டைகளைக் காட்டி இதில் என்ன தெரிகிறது என்று கேட்டு, வந்த பதிலை ஒரு சொல் மாறாமல் எழுதிக்கொள்வார். ‘வெளியே போற வழி’ என்று பத்து அட்டைக்கும் ஒரே பதிலைச் சொன்ன பெண்ணுக்கும் பத்து முறை அப்படியே எழுதினார். அங்கே துறைத்தலைவி எல்லோருக்கும் சொன்ன விதிகள் மூன்று. கேட்டது அறையைத் தாண்டக் கூடாது. சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தை வந்தவரின் தலைக்குப் பின்னால்தான் மாட்ட வேண்டும். கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் மனசு மூடிக்கொள்ளும், கண்ணை ஒரு விரற்கடை உயர்த்தினால் யாருக்கும் தெரியாது. அந்தக் கடிகாரத்தின் கணக்கு, ஓர் ஆளுக்கு ஐம்பது நிமிடம், பிறகு பத்து நிமிடம் குறிப்பு எழுத. இந்த மூன்றையும் அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார், அதில்தான் வினையே.

தெரு அவரை முதலில் பைத்தியக்கார டாக்டர் என்றுதான் சொன்னது. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது என்று தெரிந்ததும் தையல்காரர் ஏறிப் போய், “பின்னே என்னதான் பண்றீங்க?” என்று கேட்டார். “கேட்கிறேன்,” என்றார் டாக்டர். “கேட்கறதுக்கு ஒரு படிப்பா!” என்று தையல்காரர் இறங்கி வந்து ஊரெல்லாம் சொன்னதில் ‘கேட்கிற டாக்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஏழாவது வரிக்குப் பிறகு எட்டு வந்தது, ஒன்பது வந்தது. காலையில் வரி வரும். மாலைக்குள் அந்த வரிக்குரிய ஆள் வந்துவிடுவார். லிஃப்டுக்குப் பயந்து ஏழு மாடி நடந்து ஏறுவது. பூட்டிய பூட்டைப் பதினேழு முறை இழுத்துப் பார்ப்பது. மகனை ஒரே ஒரு முறை பெல்ட்டால் அடித்தது. மாமியார் செத்ததில் சந்தோஷப்பட்டது. பெயர் எதுவும் இருக்காது. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, மாமியார் வரி வந்த அன்று எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், சுற்றுவழியில் வேலைக்குப் போனார்கள். ஆள் குணமானால் வரி தானே மங்கி மறைந்துவிடும். சிலது நாலு வாரத்தில் போனது, சிலது நாலு வருடம் இருந்தது. ரகசியம் வெளியே தொங்குகிறதே என்று டாக்டருக்குத்தான் தூக்கம் போனது. சுண்ணாம்பு அடித்தார், சுண்ணாம்பின் மேல் எழுத்து வந்தது. தொழில் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். சிகிச்சைப் பிரிவுகளின் எண்ணிக்கைக்கு விதியில் வரம்பு இல்லை என்றும், எழுத்தின் அளவு மட்டும் அடக்கமாக இருக்க வேண்டும் என்றும் ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பலகை எழுதியவர் கீழே கீழே புதுப் பலகை சேர்த்துத் தந்தார். பத்தாம் வருடம் அது மாடிப்படிச் சுவர் வழியாக இறங்கித் தெருக்கதவைத் தொட்டது. ஊரே, பேப்பர் படிப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனது.

இதெல்லாம் ஊர் அறிந்தது. வீட்டில் நடந்தது ஊருக்குப் பிற்பாடுதான் தெரியும். டாக்டரின் கணவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர், பேச்சு குறைவு, வெயிலில் நடந்து கறுத்த மனிதர். ஒரே மகள். அறையை எடுத்த வாரம் டாக்டர் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு சுவர்க் கடிகாரம் வாங்கினார். ஒன்றை அறையில் மாட்டினார். இன்னொன்றை வீட்டில், முக்காலி போட்டு ஏறி, சாப்பாட்டு மேசைக்கு அருகே கை போன சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அந்தச் சுவர் மகளின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. மகளுக்கு அப்போது நாலு வயது. வேண்டுமென்றே செய்ததல்ல, கைப்பழக்கம். ஒரு நாளைக்கு ஒன்பது பேரின் கண்ணீரைக் கேட்டுவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து அந்த மேசையில் உட்காருவார். மகள் பள்ளிக்கூடக் கதை சொல்லும். அவர் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, “ம்ம், சொல்லு” என்பார், “அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?” என்பார். இப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் பொறாமைப்பட்டார்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சொல்வார்களே, அது இங்கே பொய்யாகப் போகிறது என்றே எல்லோரும் நினைத்தோம்.

மகளுக்குப் பதினைந்து வயதில், ஒன்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் ஒருத்திகூட இவளோடு பேசவில்லை. மூன்று வாரம் உள்ளேயே வைத்திருந்து, ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் உடைந்துவிட்டாள். தண்ணீர் குடித்தபோது ஒரு கும்பல் சிரித்ததையும், கழிப்பறையில் மத்தியான இடைவேளை முழுக்க நின்றதையும் விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அம்மாவின் கண் ஒரு விரற்கடை உயர்ந்தது. யாருக்கும் தெரியாது என்று துறைத்தலைவி சொன்னது நோயாளிகளுக்குச் சரி. பெற்ற பெண்ணுக்கு அம்மாவின் கண் தெரியாதா? அவள் திரும்பிப் பார்த்தாள். கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “உனக்கு நேரமாயிடுச்சாம்மா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் காலை அம்மாவை “நீங்க” என்றாள். அதுவரை வாய் நிறைய நீ, போ, வா என்று பேசிய பெண். உறவினர்கள் மரியாதை வந்துவிட்டது என்று மெச்சினார்கள். அதன்பின் அம்மாவுக்குக் கிடைத்ததெல்லாம் ‘ம்’, ‘சரிங்கம்மா’, ‘ஒண்ணுமில்லை’. டாக்டர் இதை வளரிளம் பருவம் என்று எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி அவரே கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவர்.

நாலு வருடம் கழித்து, மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, பலகையின் ஆகக் கீழே, தெருக்கதவை ஒட்டி, புது வரி வந்தது: ‘பெற்ற மகளின் தலைக்குப் பின்னால் கடிகாரம் மாட்டியது.’ டாக்டர் காலை எட்டரைக்கு அதைப் பார்த்தார். மேலே போய் அன்றைக்கு இருந்த ஒன்பது பேருக்கும் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அன்று ஒரு நாள்தான். பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மகள் வந்தாள். கல்லூரியிலிருந்து வரும் வழியில் எல்லோரையும்போல அவளும் படித்திருக்கிறாள். உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து போய் அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் டாக்டரின் கை அதற்குள் பேனாவை எடுத்துவிட்டது. சொந்தக்காரர்களைப் பார்க்கக் கூடாது, அது தர்மம் இல்லை, கூடப் படித்த ஒருத்தி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள், நல்ல கைராசிக்காரி, அவளுக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மகள் அவர் எழுதுவதைப் பார்த்தாள். “நான் டாக்டரைப் பார்க்க வரலைங்கம்மா,” என்றாள். அதற்குள் கடிதம் பாதிக்குமேல் எழுதியாகிவிட்டது. எழுதி முடித்ததும் அவள் அதை வாங்கி மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

போனவள் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. பதினாலு மாதம், வாரம் தவறாமல், ஊரின் மறுகோடிக்குப் பஸ் ஏறிப் போய், தன் அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் இன்னொருத்தியிடம் சொன்னாள். டாக்டர் ஒரே ஒரு முறை பொறுக்கமாட்டாமல் கூடப் படித்தவருக்குப் போன் செய்தார். “எப்படி இருக்கா?” என்றார். “அதை நான் சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று பதில் வந்தது. நியாயமான பதில். அன்று டாக்டர் பொறாமையில் சாப்பிடாமல் எழுந்து போனார்; கணவர் மீட்டர்காரர் அவர் தட்டை மூடி வைத்தார். மகள் தேறினாள். படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்து கலகலவென்று பேசுவாள். அந்தச் சிரிப்பு போனைத் தாண்டிச் சமையலறைவரை கேட்கும். கடைசியில், “அம்மாகிட்ட சொல்லிடுங்க” என்று வைப்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கும் தெரியாது.

ஆள் குணமாகியும் வரி மட்டும் போகவில்லை. மேலே இருந்த எத்தனையோ வரிகள் வந்து மறைந்தன. சட்டை வரி போனது, மாமியார் வரிகூடப் போனது. இது முதல் நாள் மாதிரியே ஈரப் பெயிண்ட் பளபளப்போடு நின்றது. ஒரு நாள் பலகையில் ஆணி மாற்ற வந்த எழுத்துக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, தயங்கித் தயங்கி, “தப்பா நினைக்காதீங்கம்மா. தம்பி சட்டையை வச்சிருந்தவர்தான் வந்தார், தம்பி வரலை. மகனை அடிச்சவர் வந்தார், மகன் வரலை. செஞ்சவங்களுக்குத்தானே இதுல வரி வருது? கடிகாரம் மாட்டினது யாரு?” என்றார். இருபது வருடமாக ஆயிரம் வரிக்கு ஆள் யாரென்று முகத்தைப் பார்த்தே சொன்ன டாக்டர், அந்த ஒரு வரிக்கு ஆள் யாரென்று பலகை எழுதுகிறவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தையல் கடையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அன்றே வீட்டுக்குப் போய் முக்காலி போட்டுக் கடிகாரத்தைக் கழற்றினார். பேட்டரியை எடுத்துவிட்டு, பழைய துண்டில் சுற்றிப் பரண்மேல் போட்டார். சுவரில் வெளுப்பாக ஒரு வட்டம் நின்றது. மகள் அடுத்த விடுமுறைக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அம்மா பேச ஆரம்பித்தார். வார்டிலிருந்து ஆரம்பித்து, முக்காலி, ஆணி, அந்த வியாழக்கிழமை, அந்தக் கடிதம் என்று ஒன்று விடாமல், வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். மன்னிச்சிடு கண்ணு என்றார். மகள் குறுக்கே பேசவில்லை, எழுந்திருக்கவில்லை, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டாள். “அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டாள். நன்றாகக் கேட்டாள், தேர்ந்த கைபோல. பிறகு அவள் கண் ஒரு விரற்கடை உயர்ந்தது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், ஆணியே இல்லாத சுவரில், அந்தக் கடிகாரம் மாட்டியிருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. “நேரமாயிடுச்சும்மா, பஸ்ஸைப் பிடிக்கணும்,” என்று மகள் பையை எடுத்துக்கொண்டாள்.

பரண்மேல் இப்போது வெறும் துண்டுதான் இருக்கிறது. மகள் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறாள், அம்மாவுக்கு மாத்திரை டப்பா, மூட்டுவலித் தைலம் எல்லாம் வாங்கி வருகிறாள், குறை சொல்ல முடியாத பெண். எதிரே உட்கார்ந்து ஐம்பது நிமிடம் கேட்கிறாள். பலகையின் கடைசி வரி அப்படியேதான் இருக்கிறது; தையல் கடைக்கு வழி கேட்பவர்களுக்கு அந்த வரியைத்தான் அடையாளம் சொல்கிறோம். கடிகாரம் நின்றுபோகும்போது மீட்டர்காரர் பேட்டரி மாற்றிவிடுகிறார்.