மூக்கின் மேல் பிளாஸ்திரி

வியாழக்கிழமை மாலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மூக்கு குழாயில் மோதியது. நானே ரத்தத்தைத் துடைத்து, நானே டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். எலும்பில் லேசான கீறல் என்று, மூக்கின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். வெள்ளி விடுமுறை முழுக்க ஒரு போன்கூட வரவில்லை.

சனிக்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஃபரங்கிஸ் துள்ளி எழுந்தாள்.

"அடியே தஹ்மினே! கமுக்கமா போய் மூக்க செதுக்கிட்டு வந்துட்டியா? மொபாரக்!"

இந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எனக்கு எதிர் மேசைக்காரி. ஸலாம் தவிர வேறு பேச்சு கிடையாது. அன்றுதான் என் பெயரையே சொன்னாள். டெஹ்ரானில் மூக்கில் பிளாஸ்திரியைக் கண்டால் 'விழுந்தாயா' என்று யாரும் கேட்பதில்லை, அழகுக்காக மூக்கை அறுவை செய்துகொண்டதாக எண்ணி வாழ்த்துவார்கள். அறுவை செய்யாமலே ஒட்டிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு.

"இல்ல, நான்..." என்று ஆரம்பிப்பதற்குள் நாலு பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தி அணைத்துக்கொண்டாள். என்னை யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்று! வாயை மூடிக்கொண்டேன்.

போனைத் திறந்தால் மூக்கு அறுவை விளம்பரம்தான். இந்தப் பக்கம் 'முன்', அந்தப் பக்கம் 'பின்'. 'முன்'னில் இருக்கும் பெண்ணுக்கு என் மூக்கேதான்: நடுவில் மேடு, நுனியில் சரிவு. பாவம், அவளை மட்டும் இருட்டில் நிற்கவைத்துப் படமெடுத்திருப்பார்கள். அவளைப் பார்த்துப் பார்த்தே, நான் தனியாகக் கிடப்பதற்கு இந்த மூக்குதான் காரணம் என்று நம்பிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஃபரங்கிஸ் தினமும் அன்னாசிச் சாறு கொண்டுவந்தாள், வீக்கம் வடியுமாம். "குனியாதடி, தையல் விட்டுடும்" என்று என் கோப்புகளை அவளே தூக்கினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இடம் போட்டாள். சந்தோஷமாக இருந்தேன், பயமாகவும் இருந்தது. உள்ளே பழைய மூக்குதானே இருக்கிறது? மருத்துவர் ஒரு வாரம் என்றார். நான் மருந்துக்கடையில் வாங்கி வாங்கி நாலு வாரம் ஒட்டினேன்.

கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "போதும்டி, காட்டு" என்று ஃபரங்கிஸே பிய்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாஷால்லா! பொம்ம மாதிரி இருக்கு! பழைய மூக்குக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்டி! எந்த டாக்டரு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"நல்லா பாருங்க. அதே மூக்குதான். நான் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான்."

"ஐயோ, நடிப்பப் பாரு! எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க." மேசையே சிரித்தது.

"சரி ஃபரங்கிஸ், பழசு எப்படி இருந்துச்சு? நீயே சொல்லு."

அவள் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தாள்.

"ஞாபகம் இல்லடி. அப்பல்லாம் உன்ன யாரு பாத்தா?"

கள்ளமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.